மடிக்காமல் வெட்டிய துணி

தையல் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது பேப்பரை மடிப்பது. பழுப்புப் பேப்பரை இரண்டாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்தை நம் இடது கைப் பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். மார்பளவில் கால் பங்கு, அதோடு தையலுக்குக் கொஞ்சம், தோள் அகலத்தில் பாதி என்று எல்லா அளவையும் குறித்துப் புள்ளி வைத்து, கைக்குழியை வளைத்து வரைந்து வெட்ட வேண்டும். பிரித்தால் ஒரு முழு முதுகு வரும். ஒரு பாதிக்குப் போட்ட கோடு மறு பாதிக்கும் போதும். மனுஷ உடம்பில் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று அந்த மடிப்பு நம்புகிறது.

எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றில்லை. ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும்போது என் முதுகெலும்பு வளையத் தொடங்கியது. வலது தோள் மேலே ஏறியது. அந்தப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பு பின்னால் புடைத்துக்கொண்டு வந்தது. இடது இடுப்பு உள்ளே ஒடுங்கியது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆபரேஷன் செய்து முதுகில் கம்பி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கம்பி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பெரியவளானால் தானாக நிமிர்ந்துவிடும் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது. நான் பெரியவளானேன். முதுகு நிமிரவில்லை.

அதற்குப் பிறகு பட்ட கஷ்டங்களில் துணிக் கஷ்டம் சின்னதுதான் என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். வலியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியும். துணியைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும். எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஏறி இறங்காத டெய்லர் கடை கிடையாது. டேப்பைத் தோளில் வைத்ததும் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "நேரா நில்லும்மா." நான் நின்றதே நேராகத்தான். தைத்து வரும் ஜாக்கெட் வலது பக்கம் பிடித்து இழுக்கும், இடது பக்கம் தோளைவிட்டு வழியும். பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும்.

ராஜபாளையத்தில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை மடித்துப் பாக்கெட் போடும் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் எனக்கு வேலை. அங்கே பெண்கள் எல்லோரும் பஞ்சு ஒட்டாமல் இருக்கச் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வோம். வேலை முடிந்ததும் மற்றவர்கள் சட்டையைக் கழற்றி உதறிப் பைக்குள் வைப்பார்கள். நான் கழற்ற மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், சித்திரை வெயிலில், அந்தச் சட்டையோடேதான் வீட்டுக்கு வருவேன்.

பெண் பார்க்க வந்தார்கள். காப்பி கொடுத்துவிட்டு நான் திரும்பி நடக்கும்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும். சில இடங்களுக்குப் பிறகு அம்மா யாரையும் வரச் சொல்லவில்லை. தங்கைக்கு முடித்துவைத்தார்கள். அவளை ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கும் ஒருவருக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவும் போன பிறகு வீட்டில் நான் தனி ஆள்.

அந்த வருஷம்தான் ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்பில் சேர்ந்தேன். ராஜபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்தது. பேப்பர் மடிக்கச் சொன்ன அன்றைக்கே அங்கே சொல்லித் தந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் வேற வேற அளவா இருந்தா எப்படி மடிக்கிறது?"

"அப்படியெல்லாம் இருக்காதும்மா. ஒரு நூல் ரெண்டு நூல் வித்தியாசம் இருக்கும், அது கணக்குல வராது," என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்தார். அன்று நான் சட்டை போட்டிருக்கவில்லை. அவர் முகம் மாறியது. "தெரியலம்மா. எனக்கு மடிச்சுப் போடத்தான் சொல்லிக்குடுத்தாங்க," என்றார்.

தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. வகுப்பை முழுதாக முடித்தேன். மடித்துப் போடும் பேட்டர்னை முதலில் சுத்தமாகக் கற்றுக்கொண்டேன். கைக்குழி ஏன் அந்த இடத்தில் வளைகிறது, டாட் என்ற சின்ன மடிப்பைப் பிடித்தால் துணி எங்கே குவிகிறது, தோளைச் சரிவாக்கினால் கழுத்து ஏன் தூக்குகிறது என்பதெல்லாம் புரிந்தது. அது புரிந்த பிறகுதான் மடிப்பை விட்டுவிட்டு எப்படிப் போடுவது என்று யோசிக்க முடிந்தது.

காடாத் துணி எங்கள் பக்கம் எங்கும் கிடைக்கும். வெளுக்காத, விறைப்பான துணி. இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்கு அப்போது நடை பழகும் வயது. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள். நான் உள்பாடியோடு நின்றேன். என் முதுகின் மேல் காடாவை விரித்து, நடு முதுகெலும்பு போகும் வழியில் பேனாவால் கோடு போடச் சொன்னேன். கோடு நேராக வரவில்லை, வளைந்துதான் வந்தது. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் துணியைப் படியவைத்து, மிஞ்சியதைப் பிடித்து, குண்டூசி குத்தச் சொன்னேன்.

"அக்கா, மூச்ச இழுத்துப் பிடிக்காத. நீ எப்பயும் நிக்கிற மாதிரி நில்லு."

"இப்படித்தான்டி நிப்பேன்."

"இல்ல. நீ நேரா நிக்கப் பாக்க. வேண்டாம். உன்னோட இதுல நில்லு."

அந்த வார்த்தையை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் மூச்சை விட்டேன். இடது பக்கம் தானாக இறங்கியது. தங்கை ஊசி குத்திக்கொண்டே போனாள். சின்ன வயதில் இருந்து என் முதுகைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆனாலும் அன்று அவள் விரல்கள் புடைத்த எலும்பின் மேல் வந்தபோது ஒரு நொடி நின்றன.

அந்தக் காடாவைப் பிரித்து, இஸ்திரி போட்டு, அட்டையில் வைத்து வரைந்தேன். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. நான்கு துண்டும் நான்கு விதமாக இருந்தன. பின் வலதுதான் பெரியது, புடைப்பைத் தாண்டி வர நீளம் வேண்டும் அல்லவா. முதலில் தைத்த ஜாக்கெட் கொஞ்சம் சொதப்பியது. இடது தோளில் பிழை இருந்தது, திருத்தினேன். அடுத்ததாக ஊதாக் கலரில் ஒன்று தைத்தேன். அதைப் போட்டபோது துணி என் உடம்பில் எந்த இடத்திலும் பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருந்ததால் போட்டிருப்பதே மறந்துபோனது. மற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அழவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த நான்கு அட்டையில் இருந்துதான் இன்றுவரை என் துணி எல்லாம். இடுப்புக்குக் கீழே நீட்டினால் சுடிதார் டாப். பக்கத்தில் விரல் அகலம் கூட்டிக் கீழே விரித்தால் நைட்டி. கழுத்தை ஏற்றினால் குளிர்காலத்துக்கு. உடம்பு பெருத்தபோது அட்டையின் ஓரத்தில் பேப்பர் ஒட்டி வளர்த்தேன், இளைத்தபோது உள்ளே கோடு போட்டேன். முதுகெலும்பின் வளைவு மாறாது, அந்தக் கோட்டை மட்டும் தொட மாட்டேன்.

தங்கை மகளுக்கும் நான்தான் தைத்தேன். அவளுக்கு மடித்துப் போடும் சாதாரணப் பேட்டர்ன். வருஷத்துக்கு ஒருமுறை கோட்டை வெளியே தள்ளி வரைந்துகொள்வேன், அவ்வளவுதான். அவளுக்கு மடித்து வெட்டும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் விழும்.

அவள் ஏழாம் வகுப்புப் படித்தபோது ஆடிப்பூரத் தேருக்கு ஒரு நீளக் கவுன் கேட்டாள். முதுகில் ஜிப், தரை வரைக்கும் குடை மாதிரி விரியும் பாவாடை, மயில் கழுத்துக் கலர். போனில் படம் அனுப்பியிருந்தாள். வழக்கம்போல் கோட்டைத் தள்ளி, மடித்து வெட்டி, மேலோட்டமாகத் தைத்து எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். அவளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினேன். ஜிப்பைப் போட்டதும் கவுன் ஒரு பக்கம் இழுத்தது. கீழே வலது பக்கத்து ஓரம் மேலே ஏறியிருந்தது.

வெட்டியதில்தான் தப்பு என்று நினைத்தேன். கழற்றி, தரையில் விரித்து, நடுவில் மடித்துப் பார்த்தேன். ஓரத்தோடு ஓரம் சரியாகச் சேர்ந்தது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி ஏறியது.

"என்ன பெரியம்மா, கோணலாத் தச்சுட்டீங்களா?" என்று சிரித்தாள்.

அவளை இறக்கினேன். உள்பனியனோடு நின்றாள். "செத்த குனி. கையத் தொங்கவிட்டுக் குனி, கால் கட்டை விரலைத் தொடுற மாதிரி," என்றேன். மதுரை டாக்டர் என்னை அப்படித்தான் குனியச் சொன்னார். பிள்ளை குனிந்தாள். முதுகின் வலது பக்கம் இடது பக்கத்தைவிட உயர்ந்து நின்றது. ஒரு சின்ன மேடு. பார்க்கத் தெரியாதவர்களுக்குத் தெரியாது.

"நிமிருத்தா," என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

தங்கை அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேராகச் சொல்லிவிட்டேன். "பிள்ளைக்கு முதுகு வளையுதுன்னு நெனைக்கேன். டாக்டர்ட்ட காட்டணும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னக்கா சொல்லுத?"

"குனியச் சொல்லிப் பாத்தேன். வலது பக்கம் தூக்குது."

"பை தூக்கிட்டுப் போறா. ஒரு பக்கமாத்தான் மாட்டுவா. அதுல இருக்கும்."

"பையில இல்லடி."

"உனக்கு இருக்குன்னு எல்லாருக்கும் இருக்குமா? உன் கண்ணுக்கு எல்லாமே கோணலாத்தான் தெரியும்." சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். "நல்ல நாள் வருது. எம்பிள்ளையப் பத்தி இனி இந்தப் பேச்சு வேண்டாம்."

சாப்பிடாமல் கிளம்பினேன். அவள் இருக்கச் சொல்லவில்லை. கவுனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டத்தில் அவர்களைப் பார்த்தேன். வீட்டுக்கு வரவில்லை, நேராகத் தேர் வீதிக்கு வந்திருந்தார்கள். பிள்ளை அந்தக் கவுனைப் போட்டிருந்தாள். தங்கை வேறு டெய்லரிடம் கொடுத்துக் கீழ் ஓரத்தைத் தரைக்கு இணையாக வெட்டி மடித்திருந்தாள். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. நான் அவர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். வடம் பிடிப்பவர்களின் சத்தத்தில் நான் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. நான் கூப்பிடவில்லை. அந்த ஜிப் நடு முதுகில் போன விதத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். இடுப்புக்கு மேலே அது ஒரு பக்கம் ஒதுங்கி, பிறகு திரும்பி வந்தது.

அன்றைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. தங்கை சொன்ன வார்த்தை வலித்தது உண்மை. அதைவிட, எனக்கு நடந்தது மறுபடி நடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது வலித்தது. வளரும் வயதில் வளைவும் கூடவே வளரும். அது எனக்குத் தெரியும். என் அம்மா காத்திருந்த காலத்தில்தான் என் முதுகு போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காடாத் துணியும் குண்டூசியும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். தங்கை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவள் கணவர் வீட்டில் இருந்தார். பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. ஆளையே காணோம்," என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. தங்கை அவரிடம் சொல்லவே இல்லை.

பள்ளிக்கூடச் சுடிதாருக்கு அளவு வேண்டும் என்று பிள்ளையைக் கூப்பிட்டு, பனியனுக்கு மேலேயே காடாவைப் படியவைத்து ஊசி குத்தி எடுத்தேன். முதுகெலும்பு வழியே கோடு போட்டேன். அவருக்கு முன்னால் தரையில் அதை விரித்து, கோட்டோடு வெட்டி, இடது துண்டை வலது துண்டின் மேல் திருப்பி வைத்தேன். கழுத்தில் சேர்ந்தது. நடுவில் சேரவில்லை. பக்கத்தில் ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலை வைத்து அந்த இடைவெளியைத் தடவினார். "இது பிள்ளையோட முதுகா?"

"ஆமா தம்பி."

"மிஷின்ல இம்புட்டு வெலகினாலே நாங்க நிறுத்திருவோம் மதினி." நிமிர்ந்து என் தோளைப் பார்த்தார். "உங்களுக்கு மாதிரியா?"

"ஆரம்பம்தான். எனக்குப் பாக்காம விட்டுட்டாவ. இவளுக்கு விடக் கூடாது."

அரிசிப் பையோடு வாசலில் தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்த இரண்டு காடாத் துண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் பாத்தேன்க்கா," என்றாள். "தலைக்கு ஊத்தி விடும்போது பாத்தேன். நீ சொல்றதுக்கு முன்னாடியே பாத்தேன். கண்ண மூடிக்கிட்டேன். அம்மா உன்னைய வச்சுக்கிட்டு எப்படி அழுவாள்னு எனக்குத் தெரியும்லா. என்னால அப்படி அழ முடியாதுக்கா."

பிள்ளை டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். "எனக்கு என்ன?" என்று கேட்டாள். அவளுடைய அப்பாதான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லத்தா. முதுகு கொஞ்சம் வளையுது. டாக்டர்ட்ட போவோம், சரிபண்ணுவோம்," என்றார்.

மறுநாள் காலை ரயிலில் நான்கு பேரும் மதுரைக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சப் பலகையில் மாட்டிய படத்தில் பிள்ளையின் முதுகெலும்பு ஆற்றுத் தண்ணீர் ஒதுங்கிப் போவதுபோல் ஒதுங்கிப்போயிருந்தது. டாக்டர் இளம் வயதுப் பெண். "வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை, "எங்க அக்காவுக்கு," என்றாள். வெளி ஆளிடம் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருக்கும் வளைவு போகாது, ஆனால் மேலே வளையாமல் நிறுத்தப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்கு ஒரு பெல்ட். பெல்ட் என்றுதான் சொன்னார்கள். அது பிளாஸ்டிக்கில் வார்த்த கூடு. அக்குளில் இருந்து இடுப்புக்குக் கீழே வரை உடம்பை இறுக்கிப் பிடிக்கும். முதுகுப் பக்கம் வார் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். குளிக்கும் நேரமும் கொஞ்ச நேர விளையாட்டும் போக இரவு பகலாகப் போட வேண்டும், வளர்த்தி நிற்கும் வரைக்கும்.

பெல்ட் வந்த முதல் வாரத்தில் பிள்ளையின் இடுப்பு சிவந்து புண்ணானது. பனியனின் பக்கத் தையல் உள்ளே அழுந்தி அழுந்திக் கிழித்திருந்தது. தங்கை போனில் அழுதாள். நான் யூனிட்டில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

அவளுக்கு நான் போட்ட பேட்டர்ன் அன்றுதான் தொடங்கியது. முதலில் உள்பனியன். பக்கத்தில் தையலே இல்லாமல் ஒரே துண்டாகச் சுற்றி வர வேண்டும், சுருக்கம் விழக் கூடாது, தோளில் வரும் தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மெல்லிய பனியன் துணி எடுத்து, காடாவில் எடுத்த அளவை வைத்து, தையல் எல்லாம் வெளியே தெரியும்படி தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளை, "உள்வெளியாப் போட்ட மாதிரி இருக்கு," என்றாள். ஆனால் அடுத்த வாரம் சிவப்பு இல்லை. வியர்வைக்கு மாற்றி மாற்றிப் போட நிறையத் தைத்து வைத்தேன். அதே அளவில் இருந்து, பெல்ட்டுக்கு மேலே போடும்படி அகலம் கூட்டிப் பள்ளிக்கூடச் சுடிதார். சுடிதாருக்கு மேலே போடும் ஓவர்கோட்டை நேராகத் தொங்கும்படி வெட்டினேன், பெல்ட்டின் விளிம்பு தெரியாமல் இருக்க. அவள் வளர வளர அளவெடுத்து அட்டையை மாற்றிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் இடதையும் வலதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பேன். இடைவெளி கூடியிருக்கிறதா என்று டேப் வைத்து அளப்பேன்.

அவளுக்கு அது எளிதாக இருக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கதவைத் தட்டுவதுபோல் அவள் முதுகைத் தட்டி விளையாடினார்களாம். பங்குனி மாத வெயிலில் ஒரு நாள் பெல்ட்டைக் கழற்றி வாசலில் எறிந்துவிட்டாள். தங்கை சொல்லியும் அவள் அப்பா சொல்லியும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெல்ட்டையும் பையில் போட்டு அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, தங்கை கோயிலுக்குப் போனாள். போவதுபோல் போனாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிள்ளை தையல் மிஷின் பக்கத்தில் கோபமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போட்டீங்களா பெரியம்மா, இந்தப் பெல்ட்டு?"

"இல்லத்தா."

"பொறவு எனக்கு மட்டும் ஏன்?"

"எனக்கு அப்பவே ரொம்ப வளைஞ்சு போச்சு. ஆபரேஷன்தான்னாவ. அதுக்கும் பயந்துட்டாவ."

அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் உருட்டினாள். பிறகு, "எனக்கு உங்க முதுகப் பாக்கணும்," என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். அம்மாவையும் தங்கையையும் டாக்டரையும் தவிர வேறு யாரும் பார்க்காத முதுகு அது. அவள் எழுந்து வந்த சத்தம் கேட்டது. அவள் விரல் கழுத்தில் இருந்து மெல்ல இறங்கியது, எலும்பு போன வழியே. புடைப்பின் மேல் உள்ளங்கையை முழுதாக வைத்தாள்.

"வலிக்குமா?"

"மழைக்காலத்துல வலிக்கும். ரொம்ப நேரம் நின்னாலும். மூச்சு கொஞ்சம் கம்மியா வரும், மாடிப்படி ஏறினா."

"எனக்கும் இப்படி ஆகுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "போடாம விட்டா ஆகலாம்," என்றேன். "போட்டாலும் ஆகாதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலத்தா. ஆனா போட்டா நிக்கும்னு டாக்டர் நம்புதாவ. நானும் நம்புதேன்."

அவள் கையை எடுக்கவில்லை. என் தோளில் அவள் நெற்றி பட்டது. சத்தமில்லாமல் அழுதாள், என் முதுகு நனைந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் நிறுத்திக்கொள்வாள் என்று தோன்றியது. அழுது முடித்துவிட்டு அவளாகவே பையில் இருந்து உள்பனியனை எடுத்துப் போட்டாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "இறுக்கிக் கட்டுங்க," என்று முதுகைக் காட்டினாள்.

அதற்குப் பிறகும் சண்டைகள் இருந்தன. போடாத நாட்கள் இருந்தன. ஆனால் எறியவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வையும் அதோடுதான் எழுதினாள். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது வளர்த்தி நின்றுவிட்டது, கழற்றிவிடலாம் என்றார்கள். புதிய எக்ஸ்ரேயைப் பழையதன் பக்கத்தில் மாட்டிக் காட்டினார் டாக்டர். வளைவு அப்படியே இருந்தது, கூடவில்லை. தங்கை அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் திருவிழாக் கூட்டத்தில் பிடிப்பதுபோல. டீ குடிக்கப் போகும் வரைக்கும் விடவில்லை.

இப்போது பிள்ளை மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளுக்கு வலது தோள் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், தெரிந்து பார்த்தால் தெரியும். போன தீபாவளிக்கு லீவில் வந்திருந்தபோது மூன்று பேரும் ராஜபாளையத்தில் ஒரு ரெடிமேட் கடைக்குப் போனோம். அவள்தான் அங்கே போகலாம் என்றாள். ஹாஸ்டலில் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்களாம். மஞ்சள் குர்த்தி ஒன்றை எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குள் போனாள். நானும் தங்கையும் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம்.

அவள் கதவைத் திறந்து வந்து நின்றாள், ஒரு சுற்றுச் சுற்றினாள். கலர் அவளுக்கு நன்றாக எடுத்தது. பின்பக்கம் வலது ஓரம் ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. தோளுக்குக் கீழே ஒரு மடிப்பு குறுக்கே விழுந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். என் கை தானாக அந்த மடிப்பின் மேல் போனது.

"வாங்கிட்டு வா, பக்கத் தையலப் பிரிச்சு, இந்தப் பக்கம் கொஞ்சம் விட்டா உக்காந்துரும். செத்த நேர வேலைதான்."

"வேண்டாம் பெரியம்மா," என்றாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், மரியாதையாக. "இருக்கட்டும். எனக்கு இது பிடிச்சிருக்கு. தெரிஞ்சா தெரியட்டும்."

அவள் மறுபடி உள்ளே போய்விட்டாள். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷம் அவள் உடம்பின் ஒவ்வொரு அங்குலத்தையும் அட்டையில் வைத்திருந்தேன். இனி அவை வேண்டாம். ஆனால் அவள் வயதில் நான் யாருக்கு முன்னாலும் அப்படி ஒரு சுற்றுச் சுற்றியதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்தபோது நெஞ்சு கனத்தது. எந்தப் பக்கம் கனத்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"விடுக்கா," என்றாள் தங்கை. "அவளுக்கு நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு," என்றேன் நானும்.

குர்த்தியை வாங்கிக்கொண்டு, மூன்று பேரும் ரோட்டுக் கடையில் பஜ்ஜி சாப்பிட்டோம். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்ததும் பிள்ளை என் பையைத் தூக்கி ஜன்னல் வழியாக சீட்டில் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தாள். அந்த வாரம் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்தேன், கரும்பச்சையில். கழுத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்கி வெட்டினேன், பின்பக்கமும்தான்.